ஏழில் இரண்டு

கடலுக்கடியில் நூற்றைம்பது மீட்டரில்
குழாய் பற்றவைத்த கை
என் மேசையில் படிவத்தின் மேல் தயங்குகிறது.
ஸ்தவாங்கரில் மழை. காபி ஆறிவிட்டது.

முதலீடு ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால்
என்ன செய்வீர்கள்?
விற்பேன், காத்திருப்பேன், இன்னும் வாங்குவேன்.

ஹால்வர் மூக்கைச் சொறிந்துகொள்கிறார்.
"அந்த ஆழத்திலிருந்து மேலே வர ஆறு நாள்.
அவசரப்பட்டவன் ரத்தத்தில் குமிழி கட்டும்.
இதில் எந்தக் கட்டம் அது?"

அப்படிக் கட்டம் இல்லை.
ஏழு வரை எண்ணிட்ட அபாயத்தில்
இரண்டின் மேல் பேனாவை ஊன்றினார்.
கடன்பத்திரம் எண்பது, பங்கு இருபது.

மார்ச்சில் வட்டி ஏறியது, பத்திரங்கள் இறங்கின.
பெயர்தான் பத்திரம்;
பத்திரமாகவே இருக்கவேண்டுமென்று சட்டமா என்ன?
அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் நான்.
தொண்டையைச் செருமிக்கொண்டு அழைத்தேன்.

"எவ்வளவு கீழே?"
நூற்றுக்கு மூன்று.
"மூன்றா?"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"என் மகள் நீச்சல் பழகிய குளம்
அதைவிட ஆழம்."

பின்னால் ஏதோ பொரியும் சத்தம்.
மீன் கருகுகிறது என்று
வைத்துவிட்டார்.