பதினொன்றாம் கட்டம்

பயணப்படி விண்ணப்பத்தில் பதினொன்றாம் கட்டம்:
தூரம், கிலோமீட்டரில்.
கட்டம் ஒன்றுதான்.
மூன்று இலக்கத்துக்கு மேல் இடமும் இல்லை.

பெலிக்தாவிலிருந்து ஒமுக்-குயெல்
ஆகாய வழியில் நூற்று அறுபத்து மூன்று.
யாகூத்ஸ்க் தலைமை அலுவலகத்தில் யாரோ
வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து
தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்தது.

பிப்ரவரியில் ஒமுக்-குயெல் மருத்துவமனையில்
எக்ஸ்ரே குழாய் எரிந்துபோனது.
புதியதை முதலில் விமானத்தில் அனுப்பினோம்.
விமானி ஸ்தெபான் போனார்,
மூடுபனிக்கு மேலே இரண்டு சுற்று சுற்றினார்.
வீடுகளின் புகை மட்டும்
நட்டுவைத்த கழிகள் போல வெளியே நின்றதாம்.
கீழே ஊர் இருந்திருக்க வேண்டும்.
திரும்பிவிட்டார்.
முந்நூற்று இருபத்தாறு கிலோமீட்டர் பறந்த பிறகும்
ஊர் நூற்று அறுபத்து மூன்றிலேயே இருந்தது.
அதை எழுதி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் பாஸானது.

பிறகு ஆயால் லாரியில் போனான்.
சாலை என்பது ஆறுதான்.
உறைந்ததும் இரு பக்கமும் குச்சி நட்டு
இது சாலை என்று சொல்லிக்கொள்வோம்.
ஆறு வளைகிற இடமெல்லாம் சாலையும் வளையும்,
ஆற்றுக்கு எந்த ஊரிலும் வேலையில்லை.
கதவைப் பாதி திறந்தபடி ஓட்ட வேண்டும், பெல்ட் போடாமல்,
பனிக்கட்டி கைவிட்டால் குதிக்க.
போய்ச் சேரும்வரை மூன்று நாள் எஞ்சினை அணைக்கவில்லை.
டெக்னீஷியன் நியுர்குயானா
குழாயைக் கலைமான் தோலில் சுற்றி
மடியிலேயே வைத்திருந்தாள், தூங்கும்போதும்.
ஊர் போய் இறங்கியவள் முதலில் கேட்டது
கழிப்பறை எங்கே என்று.

போக நானூற்றுப் பதினெட்டு.
வர நானூற்று முப்பத்தொன்று.

ஒரே சாலைக்கு இரண்டு தூரமா, திருத்தி அனுப்பவும்
என்று கோப்பு திரும்பி வந்தது.
ஆயாலைக் கூப்பிட்டேன்.
வரும்போது பனிக்கட்டி மேல் தண்ணீர் ஏறியிருந்தது, வர்வாரா,
காட்டுக்குள் இறங்கிச் சுற்றி வந்தோம். பதின்மூன்று.
நேராக வந்திருந்தால்
இருநூற்றிலேயே முடிந்திருக்கும், உனக்கும் எழுத வசதி
என்று சிரித்தான்.

ஒமுக்-குயெலில் எனக்கு ஒரு நாத்தனார் உண்டு.
போனில் அவள் பேசினால்
அவள் வீட்டு நாய் குரைப்பதும் கேட்கும்.
அந்தக் கணக்கில் கூப்பிடு தூரம்.
முகம் பார்த்து ஆறு வருடம்.
இதற்குக் கட்டம் எதுவும் இல்லை என்பதால்
நான் திருத்தாமலே அனுப்பினேன், இரண்டு எண்களையும்,
கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்தபடி.

பணம் வந்தது, நூற்று அறுபத்து மூன்றுக்கு,
போக ஒரு தடவை, வர ஒரு தடவை.
மிச்சம் ஐந்நூற்று இருபத்து மூன்று கிலோமீட்டர்
அவன் சொந்த விருப்பத்தில் போனது என்று
முடிவாகியிருந்தது.

மே மாதம் ஆறு வெடித்தது.
எல்லாரும் கரைக்கு வந்தார்கள், நானும்
ரப்பர் பூட்ஸோடு, பேனா காதில் இருக்க.
இனி நவம்பர்வரை சாலைவழித் தூரம்
எத்தனை என்று கேட்டால்
பதில் எண்ணாக இருக்காது.
லாரி டயர்த் தடத்தோடு ஒரு பாளம்
மெல்லத் திரும்பி வடக்கே நகர்ந்தது,
அதன் மேல் சாலைக் குச்சி ஒன்று விழாமல்.
அதோ போகுது பார் என்னுடைய ஐந்நூற்று இருபத்து மூன்று
என்றான் ஆயால், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே.
குச்சி வளைவைத் தாண்டும்வரை பார்த்தோம்.
மணிக்கு எத்தனை கிலோமீட்டர் இருக்கும் என்று
நான் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.