டிரிப் ஷீட்

களக்காட்டு ஏத்தனை மதுரையில் இறக்கிவிட்டு
வெறும் வேனோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.
சாத்தூர் தாண்டி ராணுவ லாரி ஒன்று
அச்சு முறிந்து ஓரமாய்ச் சாய்ந்து கிடந்தது.
டார்ச்சை ஆட்டி மறித்தவன் இந்தியில் கேட்டான்:
திசையன்விளைக்குப் போகுமா?

தாராவியில் மூன்று வருஷம் இட்லி விற்ற இந்தி எனக்கு.
போகும் என்றேன்.
என்ன ஏற்றப்போகிறோம் என்று கேட்கவில்லை.
கொடியைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது.

பெட்டி குலுங்காதிருக்க
கிடந்த வாழைச்சருகை எல்லாம் அடியில் திணித்தோம்.
நாயக் லிங்கதுரை.
நேகியின் வாயில் அந்தப் பேர்
ஏதோ ஒரு மலையாற்றின் பேர் போல இருந்தது.

கோவில்பட்டி வரை அவன் பேசவில்லை.
கயத்தாறில் டீ குடித்து ஏறியதும் கேட்டான்:
அவனுக்கு வலிக்கவில்லை என்று
உங்கள் பாஷையில் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

வலிக்கலம்மா.

வலிக்கலம்மா, வலிக்கலம்மா என்று
கங்கைகொண்டான், தாழையூத்து,
பாளையங்கோட்டையின் மஞ்சள் தெருவிளக்குகள்,
நாய்கள்கூடத் தூங்க, அவன் மட்டும் பாடம் படித்தான்.
உண்மைதானா என்று நான் கேட்கவில்லை.
நாங்குநேரி தாண்டியதும் அவனே சொன்னான்:
நாலு மணி நேரம்.
அதற்குமேல் சொல்லவில்லை.
கியரை மாற்றினேன்.

விடிந்திருந்தது. தேரிமண் சக்கரத்தைப் பிடித்தது.
ஊரே நின்றது, சத்தமே இல்லை.
நடுவில் தங்கபுஷ்பம்,
முந்தியை இடுப்பில் செருகி,
சுமை இறக்க வந்தவள் மாதிரி.
நேகி விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.
வாயைத் திறந்தான்.
இருநூறு முறை சொன்ன சொல்லில்
நடுவே நின்ற ஓர் எழுத்து
எங்கேயோ விழுந்துவிட்டது.

வலிக்கும்மா, என்றான்.

எங்கள் பக்கத்தில் அது
முள் குத்தின பிள்ளை வந்து சொல்வது.

அந்த ஆறடி ஆளை இழுத்து
தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.
தெரியும்ல, எனக்குத் தெரியும்ல, என்றாள்.
பெட்டி அதன்பிறகுதான் இறங்கியது.

ஆனிதோறும் பள்ளிக்கூடத்து வேம்படியில்
படம் வைத்து மாலை போடுகிறார்கள்.
மைக்கில் பேசுவதில் பாதி
காற்றாலைகளின் பக்கம் போய்விடும்.
இந்த வருஷம் வந்தவர், சால்வைகளுக்கு நடுவே,
வலி என்பதையே அறியாத வீரன் என்று முழங்கினார்.
கைதட்டினோம். நானும்தான்.
முன்வரிசையில் தங்கபுஷ்பம் மட்டும்
கழுத்தைத் திருப்பி
கடைசி பெஞ்சில் என்னைத் தேடினாள்.
தட்டிய கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.
ஒரு பொடியன் தன்னுடையதைப் படத்தடியில் வைத்தான்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
திரும்ப எடுத்துக்கொண்டான்.

அன்று களக்காடு திரும்பி ஷீட் எழுதினேன்.
போனது: ஏத்தன், எழுபது தார்.
வந்தது: ஆள் மூன்று.
முதலாளி விரல் மடக்கினார்.
நீ ஒண்ணு, பட்டாளத்துக்காரன் ஒண்ணு, மூணாவது யாருல?
சொன்னேன்.
அதச் சரக்குன்னு எழுது, என்றார்.

எழுதவில்லை.
டீசல் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.