பதினொன்று ஐம்பத்தொன்பது வரை

கடைசி லாரியை எடைமேடையில் ஏற்றி இறக்கி
ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு
கொப்பரை வாசம் சட்டையிலிருந்து போகாமலே வந்தேன்.
காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடிப்படிக்குக் கீழே நெட் சென்டர்.
மேலே ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தம்
தலைக்கு மேல் நடந்துகொண்டே இருக்கும் கடை.

"சித்தெ இருங்க, சர்வர் சுத்துது"
என்றாள் கோகிலவாணி.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அவரவர் பிளாஸ்டிக் கவருக்குள்
அவரவர் பத்தாம் வகுப்பு.

"பேருங்க?"
விசாகன்.
"இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?"
சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால்.
எந்தப் பக்கம் நின்றாலும் அப்பா
ஒருமுறையாவது என்னைத் திருப்பி அனுப்பாமல் விட்டதில்லை.

"படிப்பு?"
எம்.காம்.
"இந்தப் போஸ்ட்டுக்குப் பத்தாவது போதுமுங்க."
தெரியும்.
கட்டம் இருந்தது, போட்டோம்,
விருந்துக்கு வந்தவன்
புதுச் செருப்பை வாசலோரம் விடுகிற மாதிரி.

வெள்ளைச் சார்ட் ஒட்டிய சுவரில் நிற்கவைத்தாள்.
"சிரிக்காதீங்க."
நான் சிரிக்கவில்லை.
பல்லிடுக்கில் தேங்காய்த் துணுக்கு,
நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தேன்.
படம் பெரிசாம். குறுக்கினாள்.
இன்னும் பெரிசாம்.
"மூஞ்சி தெரியற மட்டும் கொறைக்கலாமுங்க"

"எத்தனாவது தடவை?"
அஞ்சு. இலவச வாய்ப்பெல்லாம் தீர்ந்தது.
மொத்த எடையில் வண்டி எடை போனால் சரக்கு,
தினம் நாற்பது முறை போடும் கணக்கு.
முப்பத்திரண்டு வயதில்
எதைக் கழிப்பது என்றுதான் பிடிபடவில்லை.

சமர்ப்பி என்பதை அமுக்கினாள்.
வட்டம் சுற்றி நின்று ஒரு எண் வந்தது.
அதை மூடும்போது பார்த்தேன்
பின்னால் இன்னொரு பக்கம், அதே விண்ணப்பம்,
அவள் முகம், அவள் பேர்,
பாதியில் சேமித்து வைத்தது.

"நீங்களுமா?"
"ஊரு பூரா போட்டுட்டேன்,
என்னுது அப்படியே கெடக்குதுங்க."
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
அழுகை இல்லை, காலை எட்டிலிருந்து அந்தத் திரை.
மணி பதினொன்று முப்பத்தெட்டு.

எழுந்திருங்க என்றேன்.
நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.
மேஜைக்கு அந்தப்பக்கம் போய் நின்று
கவரைப் பிரித்தாள், எங்களை மாதிரியே.
"படிப்பு?"
"எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். பி.எட்."
அடித்தேன்.
எனக்கு எதிராக ஒரு லோடு,
என் கையாலேயே ஏற்றினேன்.
எடையில் விரல் வைக்கவில்லை.

ஓ.டி.பி. அண்ணன் போனுக்குப் போனது.
அண்ணன் வெள்ளகோவிலில் நைட் ஷிப்ட்.
எடுத்தான். தறிச் சத்தத்துக்குள்ளிருந்து
எண்களைக் கத்தினான்.
"ரெண்டு... நாலு... அப்பறம்?
ஏழா? சத்தமாச் சொல்லு! ஏழா, ஏழரையா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்,
அன்று முதல்முறையாக.
ஐம்பத்தி மூன்றுக்கு எண் வந்தது.

பிரிண்டரில் மை வற்றி
இரண்டு தாளிலும் எங்கள் முகம்
மழை நேரத்துச் சென்னிமலை மாதிரி கிடந்தது.
அறுபது ரூபாய் நீட்டினேன்.
"என்னோடதுக்கு நீங்க போட்டீங்களே,
கழிச்சுக்கலாமுங்க."

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்.
குனிந்து ஒரு பையன் உள்ளே வந்தான்,
மூச்சு இரைக்க, பனியன் கம்பெனி அடையாள அட்டையோடு,
நெஞ்சில் கவரை அணைத்துக்கொண்டு.
"அக்கா, மணி என்னாச்சுங்?"

அவள் என்னைப் பார்த்தாள்.
சுவரில் கடிகாரம் இருந்தது.
இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.