எடைச்சீட்டு

முப்பத்தொரு வருஷம்
சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் இருந்தேன்.
லாரி ஏறும். முள் ஆடும்.
நிற்கும்வரை பார்த்திருந்து எழுதுவேன்:
மொத்தம் இவ்வளவு, வெறும் வண்டி இவ்வளவு,
கழித்தால் சரக்கு.
டிரைவர் இறங்காவிட்டால்
அவனையும் சிமெண்டாக எண்ணிவிடும் முள்.

கடைசி நாள் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம்.
அந்தக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது
கம்பெனியின் மருத்துவக் காப்பீடு முடிந்தது.
மேடையில் இதை யாரும் சொல்லவில்லை.

கே.டி.சி. நகரில் எங்கள் தெரு முழுக்க
ஓய்வு பெற்றவர்கள்.
டெலிபோன், போக்குவரத்துக் கழகம், மின்வாரியம்.
சாயங்கால நடையில்
பெண்ணுக்கு நட்சத்திரம் கேட்ட அதே குரலில்
கேட்டுக்கொள்கிறோம்,
"ஒமக்கு எந்தப் பாலிசிவே?"

ஆசீர் பொன்சிங் மூன்று புத்தகங்களோடு வந்தான்.
மூன்றிலும் ஒரே கிழவனும் கிழவியும்
பல் வரிசையாகச் சிரித்தார்கள்.
ஒன்றில் பிரீமியம் குறைவு,
பில்லில் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில்.
ஒன்றில் அறை வாடகைக்கு வரம்பு.
மூன்றாவதில் எல்லாம் உண்டு,
பி.எஃப். வட்டியில் பாதியும் உண்டு.
கண்புரைக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும்,
மூட்டுக்கு ரெண்டு,
ஏற்கெனவே உள்ள சீக்குக்கு மூணு.
என் உடம்பையே எனக்குத்
தவணையில் விற்றான்.

"டாக்டர் கையெழுத்துல இல்லாத நோய்
நோயே இல்ல அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க."
நான் சிரித்தேன்.
அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம்
நின்று, பிறகு தொடங்கியது.

ராத்திரி படிவத்தை விரித்தேன்.
பெயர் பிரமு. வயது ஐம்பத்தெட்டு. உயரம் தெரியாது,
என் தோளுக்கு வருவாள் என்று எழுத முடியுமா?
"எடை என்ன?"
"அம்பத்தி நாலு"
என்றாள், போன வருஷத்துக் கணக்கில்.
மின்விசிறியைக் கூட்ட அவள் கை உயர்த்தியபோது
வளையல்கள் மொத்தமும் முழங்கை வரை ஓடின.
கேட்டில் நுழையும் லாரியைப் பார்த்தே
டன் சொல்கிறவன் நான்.

"புது நோயின்னா முப்பது நாள்தானே?"
"ஆமா."
"இன்னைக்கிக் கட்டினா
அடுத்த மாசம் பதினேழுக்கு மேல போலாம்லா?"
"எங்க போணும்?"
விரித்த போர்வையையே மறுபடி விரித்தாள்.
"எப்பேர்ந்து?"
"கோயில் கொடைக்கு முந்தி.
தின்னது நிக்க மாட்டேங்கு. சவம், சரியாயிரும்னு பாத்தேன்.
நீங்க அதுக்குள்ள எழுதிராதீங்க."

பதினாலாம் கேள்வி:
கடந்த ஆறு மாதத்தில் அறிகுறி ஏதேனும்?
ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.
பேனா ரெண்டுக்கும் நடுவே
ஆடிக்கொண்டே இருந்தது.
நாலு மாதம்
இந்தக் கட்டத்தைக் காலியாக வைக்கத்தான்
அவள் வலியை விழுங்கியிருக்கிறாள்.
எனக்குச் சட்னி அரைத்துக்கொண்டு.

விடிந்ததும் பஸ்ஸில் ஹைகிரவுண்டு.
அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிற பெண்
பெயர் கேட்டாள், வயது கேட்டாள்.
எப்போதிருந்து என்று கேட்டபோது
பிரமு என் முகத்தைப் பார்த்தாள்.
"சொல்லு" என்றேன்.

போன் அடித்தது. ஆசீர்.
பழைய ரேட்டு இன்றோடு கடைசியாம்.
படிவம் என் சட்டைப் பையில் இருந்தது,
கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.
எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது.

எடை பார்க்கச் சொன்னார்கள்.
செருப்பைக் கழற்றினாள்.
தண்ணீர் பாட்டிலும் பர்ஸும் இருந்த கூடையோடு
ஏறப்போனவளிடமிருந்து
கூடையை வாங்கிக்கொண்டேன்.
இதற்கு முன் எத்தனையோ பேரை
இறங்கு இறங்கு என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

முள் ஆடியது.
நர்ஸ் அவசரப்பட்டு நாப்பத்தேழு என்றாள்.
"நிக்கட்டும்மா" என்றேன்.
நாற்பத்தாறில் நின்றது.
கழிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
கையில் கூடை மட்டும்
கனத்துக்கொண்டே இருந்தது.