கடல் அஃறிணை

இரண்டு இரவு, ஒன்றரைப் பகல்.
மகனை எர்மானோவின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு
போர்தெனோனேயிலிருந்து வண்டியை எடுத்தோம்.
சுங்கச்சாவடி தாண்டும்போது ஆரம்பித்தது.
ஒழுகும் சமையலறைக் குழாயில் தொடங்கி
கல்யாணத்தன்று அவன் அம்மா சொன்ன ஒரு சொல்வரை போய் நின்றது.
ஊடல் என்று சொல்லிவிட முடியாது.
ஊடலுக்குக் கொஞ்சமாவது அழகு வேண்டும்.

த்ரியெஸ்தேயில் சதுக்கத்தின் மூன்று பக்கமும் மாளிகைகள்.
நான்காவதைக் கட்ட மறந்துவிட்டார்கள் போல,
அங்கே கடல் வந்து உட்கார்ந்திருந்தது.
ஒரு பேரரசு இங்கே கப்பல் விட்டதாம்.
பேரரசு போய்விட்டது, காப்பி வாசனை போகவில்லை.
ரோமானிய அரங்கத்தின் கல்வரிசையில்
ஒரு பூனை மட்டும் எதற்கோ காத்திருந்தது.
"இரண்டாயிரம் வருஷம்" என்றான்.
"ம்" என்றேன்.
அன்றைய பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்று.
கப்புச்சினோ கேட்டான்.
இந்த ஊர் வழக்கப்படி
கட்டைவிரல் உயரக் கோப்பையில் வந்தது.
ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்த்தான்.
சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடற்கரை வாசலில்
சீட்டுக் கிழித்தவள் அவனை ஒரு பக்கம் அனுப்பினாள்,
என்னை மறுபக்கம்.
நடுவில் வெள்ளைச் சுவர், இரண்டு ஆள் உயரம்,
கூழாங்கல்லில் தொடங்கித் தண்ணீருக்குள் இறங்குகிறது.
ஆண்கள் அங்கே, பெண்கள் இங்கே.
நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான்.
இடித்துவிடலாமே என்று யாராவது சொன்னால்
முதலில் அடிக்க வருவது பெண்கள்தானாம்.

மூன்று வருஷமாகக் காசு சேர்த்து
தனியாக இருக்க வந்தோம்.
இருந்தோம்.

மேலாடை இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்த நால்வரில் ஒருத்தி,
ஒன்டினா என்று பெயர், நகர்ந்து இடம் கொடுத்தாள்.
"சண்டையா?"
"எப்படித் தெரிந்தது?"
"துண்டை உதறுகிறாயே, அதில்."
வயிற்றை எக்காமல் படுத்தேன்.
சிசேரியன் தழும்பு
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வெயிலைப் பார்த்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி, பந்து, வாய்ச்சவடால்.
அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவன் இருமல் தனியாகக் கேட்டது.
சிகரெட்டை விட்டும் அவனை விடாத இருமல்.
வீட்டில் கேட்டால் எரிச்சல் வரும்.

பிறகு, "நீவேஸ்! வண்டிச் சாவி உன்னிடமா?"
இரண்டு கரையும் அமைதியாகிவிட்டன.
சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்டினா கத்தினாள்:
"இவளிடம்தான்! மத்தியானம்வரை தரமாட்டாளாம்!"
சுவரின் இரு பக்கமும் சிரித்தன.
அதில் அவன் சிரிப்பும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டிப் பறந்துவந்து
காலடியில் விழுந்தது சன்ஸ்கிரீன் புட்டி.
"முதுகுக்குப் போட்டுக்கொள். உனக்கு எரியும்."
பன்னிரண்டு வருஷத்தில்
அவன் சொன்ன மிக அந்தரங்கமான பேச்சு,
நூறு பெண்கள் கேட்க.
ஒன்டினாதான் தடவிவிட்டாள்,
கையிலிருந்த நல்ல சீட்டைக் குப்புற வைத்துவிட்டு.

நீந்தினேன்.
சுவர் முடிகிறது.
அதற்கப்பால் ஆண்பால் பெண்பால் இல்லை,
கடல் அஃறிணை.
மிதவைக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தபடி அவன்,
சரியாக நீச்சல் தெரியாதவன்,
எவ்வளவு நேரமாக அங்கே இருந்தானோ.
"அந்தக் குழாய்..." என்றான்.
"இப்போது வேண்டாம்" என்றேன்.
நெற்றி பழுத்துச் சிவந்திருந்தது.
இருந்தது ஒரே புட்டி.
தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல்
நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல்.
தண்ணீருக்கடியில் கால் ஒருமுறை இடித்தது,
அவனுடையதா என்னுடையதா.

அவரவர் பக்கமாகத்தான் கரையேறினோம்.
சாவி அவன் செருப்புக்கடியிலேயே இருந்ததாம்.
தெரிந்துதான் கேட்டாயா என்று
நான் இன்னும் கேட்கவில்லை.