ஒற்றைக் கொம்பு

சீசன் தொடங்கி மூன்றாம் நாள்
முதலாளி சொன்னார்:
ஸ்டெல்லாவுக்கு ஒரு கொம்பு கட்டுடா.

கொழும்புக் குடும்பம்.
மகளுக்கு ஏழாம் பிறந்தநாள்.
கேக்கிலும் அதுதான், பலூனிலும் அதுதான்,
கிரகரி வாவிக் கரையில்
உயிரோடு ஒன்று வேண்டுமாம் போட்டோவுக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டில் குதிரைக்கொம்பு என்றால்
அஞ்சு மணி கந்தப்பளை பஸ்ஸில் ஒரு சீட்.
சம்பளச் சீட்டில் வெட்டாமல் விட்ட நூறு ரூபாய்.
ஏழு பேர்ச் நிலத்துக்கு ஓர் உறுதி.
இல்லை என்று சொல்லத்தான்
அந்தச் சொல்லை வைத்திருந்தோம்.
செய்து தா என்று யாரும் கேட்டதில்லை.

பிஸ்கட் பெட்டி அட்டையைச் சுருட்டி
தங்கத் தாள் ஒட்டி
நெற்றி வாரில் கட்டினேன்.
ஸ்டெல்லா உதறினாள்.
பதினாறு வயது. ஓடிய காலத்தில்
இரண்டு முறை இரண்டாவதாக வந்தவள்.
அவள் தாய், தாயின் தாய், அதற்கும் தாய்
எல்லாம் எழுதிய தாள்
முதலாளியின் அலுமாரியில் இருக்கிறது,
ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

இது உண்மையான யுனிகோனா, கேட்டது பிள்ளை.
ஆமா பேபி என்றேன்.
அப்பாக்காரர் போனிலிருந்து தலை தூக்கி
நூறு கோடி டாலர் கம்பெனிக்கும் இதே பெயர்தான் என்றார்.
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
ஸ்டெல்லா சாணி போட்டாள்.

முன்பும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.
தொரை பங்களாவுக்கு விறகு சுமந்த வயதில்,
வாசலுக்கு மேலே
வெள்ளைக்காரன் விட்டுப்போன பலகை.
ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் இது.
சிங்கம் சும்மா நின்றது.
இதற்கு மட்டும் சங்கிலி.
ஏன் என்று கேட்டேன்.
ஒனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு,
வெறகை எறக்கு என்றார் பங்களா அப்பு.

மறுநாள் லீவு போட்டு
அம்மாவோடு தொழில் கந்தோருக்குப் போனேன்.
நாலாம் தடவை.
முப்பத்தேழு வருடம் கொழுந்தெடுத்த கையின்
சேமலாபப் பணம்.
அடையாள அட்டையில் பெருமாயி.
தோட்டத்துப் பதிவில் பருமாயி.

ஒற்றைக் கொம்பு இல்லையே என்றார் கிளார்க்.
கேலியாக இல்லை,
இரண்டாம் வகுப்பில் படித்தபடியே சொன்னார்.

எந்தக் கணக்கப்பிள்ளையோ.
பேனா சுழிக்க மறந்த அந்த நொடியில்
மழையோ, பசியோ, தொரை கூப்பிட்டாரோ.
அரை நாள் வேலைக்கு அரைப்பேர் என்பார்கள் எங்களில்.
அம்மா காய்ச்சலிலும் முழுப்பேர் எடுத்தவள்.
பேரைத்தான் அரையாக எழுதியிருந்தார்கள்.

வாங்கில் காத்திருந்தோம்.
வழக்கு ஜெயிக்க நரிக்கொம்பு வாங்கிய ஒருவர்
எங்கள் லயத்தில் இருக்கிறார்.
வழக்கு இன்னும் நடக்கிறது.

அது எப்படிடா இருக்கும், அம்மா கேட்டாள்.
பஸ் டிக்கட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன்:
ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கால்.
எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும்,
வாயில் வரும்போது பின்னால் போய்விடும்.
வெகுநேரம் பார்த்தாள்.
இம்புட்டுத்தானா.

எங்கள் முறை வந்தது.
கடிதங்களைத் தேடி என் பையில் கைவிட்டவள்
தங்கத் தாள் கசங்கிய அதை வெளியே எடுத்தாள்.
குதிரை மயிர் நாலு ஒட்டியிருந்தது.
மேசையில் வைத்தாள்.
இந்தாங்கய்யா, விட்டுப்போனது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
கிளார்க் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு
எங்கள் பைலின் மேல் நகர்த்தி வைத்தார்.
இன்னொரு சத்தியக்கடதாசி வேணும் என்றார்,
முன்பைவிட மெதுவாக.

பின்னேரம் முதலாளி போன் எடுத்தார்.
நாளைக்கு ரெண்டு பிறந்தநாள்.
கொம்பு எங்கடா?

கந்தோர்ல இருக்கு என்றேன்.
பேர்ல சேக்குறதுக்குக் குடுத்திருக்கு.