ஓரம் மாற்றித் தரப்படும்

ராஸ் அல் கைமா, நக்கீல் கடைவீதி.
நானூறு கொடி. செவ்வாய்க்குள் வேண்டுமாம்.
நடுவில் சிவப்பு, நாலு பக்கமும் வெள்ளை.

பள்ளிக்கூட ஓவிய டீச்சர் மௌஸா
அளவுக் காகிதத்தோடு இன்னொரு தாளும் கொண்டுவந்தாள்:
ஆயிரத்து எண்ணூற்று இருபது, ஜனவரி,
சண்டை ஓய்ந்து எழுதிய உடன்படிக்கை.
ஓதப் பழகிய நாக்கு, அரபி கூட்டிப் படிப்பேன்,
பொருள் பிடிபடாது.
அரைகுறை இந்தியில் அவளே சொன்னாள்.

மூன்றாம் ஷரத்தில் இருக்கிறது என் பிழைப்பு:
சிநேகித அரபிகள் செங்கொடி பிடிக்கலாம்,
சுற்றிலும் வெள்ளைக் கரை வேண்டும்,
வெள்ளையின் அகலமும் சிவப்பின் அகலமும் சமம்.

எழுதியவனுக்குத் தையல் தெரியாது.
ஒரு முழம் சிவப்புக்கு
இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம்,
மேலே ஒன்று, கீழே ஒன்று;
மேசையில் சாக்கட்டியால் போட்டுப் பார்த்தேன்.
ஒன்பது கட்டம். எட்டு வெள்ளை.
கொடியா அது?
ரத்தம் ஊறிய கட்டுத்துணி.

அன்றைக்கும் ஒருத்தன் இதை வெட்டியிருப்பான்.
தாளில் அவன் பேர் இல்லை.
நான் வைக்கிறேன்: ஃபைரூஸ்.
டிசம்பரில் பீரங்கி தின்ற ஊர்.
கோட்டை மண்ணாகி, படகுகள் கரியாகி,
ஓலைப் புகை இன்னும் கண்ணைக் கரிக்க
கரையில் குந்தியிருக்கிறான், ஊசியோடு.
சிவப்புக்கா பஞ்சம் என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
ஆனால் சாயத்துணி பம்பாயிலிருந்து வரவேண்டும்;
கொண்டுவரும் படகுகள்தாம் எரிந்துபோயின.
வெள்ளைக்கு என்ன செய்தான்?
பாய் கருகிவிட்டது.
தலைப்பாகைகள் காயத்துக்குக் கட்டப் போயின.
கஃபனுக்கு வாங்கிய மல்லில்
புதைத்தது போக மிச்சம் எவ்வளவோ,
அவ்வளவு.

ஐந்தாம் ஷரத்து எனக்குப் பழகியது.
படகுக்குச் சீட்டு இருக்கவேண்டும்:
உடையவன் பேர், நகுதா பேர், நீளம், அகலம்,
ஆள் எத்தனை, ஆயுதம் எத்தனை,
எங்கிருந்து, எந்தத் துறைக்கு.
வழியில் கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும்.
அவள் வாசிக்கும்போதே
என் கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.
அட்டை இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.
மௌஸா கொடுத்த அளவில் வெள்ளை குறுகியிருக்கிறது.
யார் குறைத்தார், எந்த வருஷம்,
அவளுக்கும் தெரியவில்லை.
ஃபைரூஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.
துணி போதவில்லை என்று சொல்லி
கரையில் ஒரு விரற்கடை திருடியிருப்பான்.
கையெழுத்துக் கேட்கப்படாதவன்
கத்தரியால் போட்ட கையெழுத்து.

பாபின் மாற்றுகிறேன். முப்பத்தேழு ஆயிற்று.

போன வருஷக் கொடிகள் மூட்டையாகத் திரும்பி வந்திருக்கின்றன.
கடற்காற்றுக்கு நடுப்பகுதி அசையவில்லை,
வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.
நார்நாராய்ப் பிரிந்து தொங்குவது வெள்ளை.
பிரித்து, புதுசு வைத்து, இரட்டைத் தையல் போடவேண்டும்.
கொடிக்கு எட்டு திர்ஹம்.
டீச்சருக்கு ஆறு.